தோட்டத்தில் மோடன் நெல்

நெல் என்றால் வயல், வயல் என்றால் தேங்கி நிற்கும் தண்ணீர் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். வீட்டுத் தோட்டத்தில் நெல் பயிரிடலாம் என்று ஒருவர் சொன்னால், "வரப்பு எங்கே, மடை எங்கே?" என்று கேட்கத் தோன்றுவது இயல்பே. ஆயினும் பாலக்காட்டுச் சீமையில் நம் முன்னோர் வயலில் மட்டும் நெல் விளைவித்தவர்கள் அல்லர். வயலுக்கு மேலே, வாய்க்கால் நீர் ஏறாத பறம்பு நிலத்திலும் அவர்கள் நெல் விதைத்தார்கள். மழை ஒன்றையே நம்பி விளைந்த அந்த மேட்டு நில நெல்லுக்கு மோடன் என்று பெயர். வீட்டுத் தோட்டத்தில் நெல் பயிரிட விரும்புகிறவர்கள் வயல் நெல்லைத் தேடி அலைவதைவிட இந்த மோடனை நினைவுகூர்வதே நலம்.

இது ஏதோ கேள்விப்பட்ட பழங்கதை அன்று. 1927ஆம் ஆண்டில், மலபார் மாவட்டம் சென்னை மாகாணத்தோடு இணைந்திருந்த காலத்தில், அம்மாகாணத்து வேளாண்மைத் துறை பட்டாம்பியில் நெல் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவியது. அங்கே பணி புரிந்தவர்கள் உழவர்கள் வழிவழியாகப் பயிரிட்டு வந்த நெல்வகைகளைத் திரட்டி, ஒவ்வொன்றிலும் சிறந்த கதிர்களைத் தெரிந்தெடுத்துத் தனித்தனியே பெருக்கி, 'பிடிபி' என்ற குறியீட்டுடன் வரிசை எண் கொடுத்தார்கள். முதல் எண் ஆரியன் நெல்லுக்குக் கிடைத்தது. 28, 29, 30 ஆகிய எண்கள் முறையே கட்டமோடன், கறுத்தமோடன், சுவன்னமோடன் ஆகிய மூன்று மேட்டு நில நெல்களுக்கு உரியவை. ஏறத்தாழ மூன்றரை மாதத்தில் விளையும் நெல்கள் இவை. அந்த நிலையம் பின்னர்க் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது. இன்றும் பணி செய்து வருகிறது.

ஆனால் பறம்புகளில் நெல் நின்ற காலம் போய்விட்டது. இரப்பரும் வாழையும் மரவள்ளியும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. மேட்டு நிலம் மட்டுமா? 1974–75ஆம் ஆண்டில் கேரளத்தில் ஏறத்தாழ 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் விளைந்தது. இன்று அது ஏறக்குறைய 2 லட்சமாகச் சுருங்கிவிட்டது. எஞ்சிய வயலையாவது காக்க வேண்டும் என்று 2008ஆம் ஆண்டில் மாநில அரசு தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. சட்டம் வயலைக் காக்கலாம். விதையைக் காக்க அதனால் இயலாது. வயலில் எந்த நெல்லை விதைப்பது என்பது உழவரின் விருப்பம். விளைச்சல் மிகுந்த புது நெல் கிடைக்கும்போது பழைய நெல்லை அவர் கைவிட்டால் அவரைக் குறை கூறவும் முடியாது. அவருக்கு அது பிழைப்பு.

இங்கேதான் வீட்டுத் தோட்டத்தின் பயன் வருகிறது. விதைநெல் உயிருள்ள பொருள். உமிக்குள் அது உறங்குகிறது. உறக்கத்திலும் மூச்சு விடுகிறது. ஈரமும் வெப்பமும் கூடினால் அந்த மூச்சு வேகமாகி, சேமித்த உணவைத் தின்று தீர்த்துவிடுகிறது. நம் நாட்டுத் தென்மேற்கு மழைக் காலத்து ஈரக் காற்றில், சாதாரணமாக மூட்டையில் கட்டி வைத்த விதைநெல் ஓராண்டுக்கு நன்றாக முளைக்கும். அடுத்த ஆண்டு பாதி முளைத்தால் பெரிது. அதற்கும் அடுத்த ஆண்டு அது வெறும் தீனி. ஆகவே நாட்டு நெல்லைப் பெட்டியில் பூட்டி வைத்துக் காப்பாற்ற இயலாது. ஆண்டுதோறும் யாராவது ஒருவர் மண்ணில் போட்டு எடுத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். வயலில் அதற்கு இடமில்லை என்றால், ஒரு சென்ட் தோட்டத்தில் இடம் கொடுக்கலாம்.

பழைய நெல்லைக் காப்பதால் என்ன ஆகப் போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 1973, 1974ஆம் ஆண்டுகளில் குட்டநாட்டு வயல்களில் புகையான் என்னும் பூச்சி பெருஞ்சேதம் விளைவித்தது. அதே காலத்தை ஒட்டி ஆசிய நாடுகள் பலவற்றிலும் அந்தப் பூச்சி பரவிற்று. அதனைத் தாங்கி நிற்கும் நெல் எது என்று உலகெங்கும் தேடியபோது கைகொடுத்தவற்றுள் ஒன்று பட்டாம்பியின் பிடிபி 33. அரிக்கிராய் என்ற நாட்டு நெல்லிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டது அது. இன்றைக்கும் பல நாட்டு ஆராய்ச்சி நிலையங்களில் புதிய நெல்லின் புகையான் எதிர்ப்பைச் சோதிக்கும்போது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பக்கத்தில் பிடிபி 33-ஐ வளர்க்கிறார்கள். அரிக்கிராயை விதைத்து வந்த உழவர்களுக்குப் புகையானைப் பற்றிய எண்ணமே இருந்திராது. அவர்கள் அதனை விடாமல் விதைத்து வந்தார்கள், அவ்வளவே.

இனி பயிர் செய்யும் முறைக்கு வருவோம். முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். நெல் நீர்த்தாவரம் அன்று. அதன் தண்டிலும் வேரிலும் காற்று செல்லும் நுண்ணறைகள் உண்டு. அதனால் தேங்கிய நீரிலும் அது மூச்சுத் திணறாமல் வாழ்கிறது. மற்றப் புல் பூண்டுகள் பலவற்றால் அவ்வாறு வாழ முடிவதில்லை. வயலில் நீர் தேக்குவதன் முதன்மையான பயன் களையை அடக்குவதே. மேட்டுப் பாத்தியில் நீர் தேக்காவிட்டால் நெல் வாடிவிடாது, களைதான் பெருகும். ஆகையால் தோட்டத்து நெல்லுக்கு நீர் இறைக்கும் உழைப்பு குறைவு, களை எடுக்கும் உழைப்பு அதிகம் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

விதைக்காகக் கடை அரிசியை நாடுவதில் பயனில்லை. பச்சரிசியில் உமியோடும் தவிடோடும் முளைக்கருவும் தீட்டுப்பட்டுப் போய்விடுகிறது. நம் பக்கத்து மட்டை அரிசியோ புழுங்கல். நெல்லாக இருக்கும்போதே வெந்நீரிலும் ஆவியிலும் அதன் உயிர் போய்விட்டது. உமியுடன் கூடிய, புழுக்காத, சென்ற பருவத்து நெல்தான் வேண்டும். பட்டாம்பி நிலையத்திலோ, உங்கள் பஞ்சாயத்தின் கிருஷி பவனிலோ, மோடன் பயிரிட்டுப் பழகிய முதிய உழவர் வீட்டிலோ கேட்டுப் பாருங்கள். மோடன் அகப்படாவிட்டால், புழுதியில் விதைத்துப் பழகிய வேறு குறுகிய காலத்து நெல் எதுவும் உதவும். ஒட்டு நெல் விதை மட்டும் வேண்டா. அதன் மறு தலைமுறை தாயைப் போல் இராது.

ஒரு சென்ட் நிலத்துக்கு 350 முதல் 400 கிராம் விதை போதும். கோழிமுட்டை ஒன்றைக் கொண்டு விதையைத் தேறும் எளிய முறை ஒன்று உண்டு. ஒரு வாளித் தண்ணீரில் புது முட்டையைப் போட்டால் மூழ்கும். உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டே வந்தால் முட்டை மெல்ல எழும்பி, ஒரு சிறு நாணயத்தின் அளவு மேலே தெரியும்படி மிதக்கும். அந்த உப்பு நீரில் விதையைக் கொட்டுங்கள். மிதப்பவை பதரும் அரைகுறையாக முற்றியவையும், அள்ளி எறிந்துவிடலாம். மூழ்கியவற்றை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி நிழலில் உலர்த்துங்கள். அலசாமல் விட்டால் உப்பு முளையைக் கெடுக்கும்.

இடம் தெரிந்தெடுப்பதில் கவனம் வேண்டும். நெல்லுக்கு வெயில் வேண்டும். நான் முதன்முதலில் விதைத்த பாத்தி ஒரு மாமரத்தின் அருகே இருந்தது. பயிர் பச்சைப்பசேலென்று உயர்ந்து வளர்ந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். கதிர் வந்தபோது கையில் உருவிப் பார்த்தால் பாதிக்கு மேல் பதர். இளந்தென்னைகளுக்கு இடையிலும், மிக உயர்ந்துவிட்ட முதிய தென்னைகளுக்கு இடையிலும் நெல் விளையும். மாவும் பலாவும் கவிந்த இடத்தில் விளையாது.

பங்குனியிலேயே கோடை மழை ஒன்று பெய்தவுடன் நிலத்தை ஒரு சாண் ஆழம் கொத்தி, கோரைக் கிழங்கையும் அறுகம் வேரையும் பொறுக்கி வெளியே போட்டுவிட வேண்டும். சென்டுக்கு இருபது கிலோ மக்கிய சாணம் கலக்கலாம். அதற்கு மேல் வேண்டா. மோடன் நெல் உயரமாக வளரும் இயல்புடையது. ஊட்டம் மிகுந்தால் சாய்ந்துவிடும். பாலக்காட்டுக் கணவாயின் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் நிற்பதே அதற்குச் சான்று.

விதைக்கும் காலம் சித்திரை. விஷுவுக்குப் பின் வரும் பத்தாமுதயம், அதாவது மேட மாதம் பத்தாம் நாள், விதைப்புக்கு உகந்தது என்று மலையாள நாட்டில் எண்ணுகிறார்கள். இதில் சகுனத்தைவிட அனுபவம் மிகுதி. கோடை மழையின் ஈரத்தில் முளைத்து வேரூன்றிய பயிர், இடவப்பாதியில் பெருமழை தொடங்கும்போது ஒரு சாண் உயரம் நிற்கும். மழை அதனை அடித்துச் செல்லாது. முழங்கை நீளத்தில் பாதி இடைவெளி விட்டு வரிசை இழுத்து, வரிசையில் நான்கு விரல் அல்லது ஐந்து விரல் அகலத்துக்கு ஒரு குழியாக, குழிக்கு மூன்று நான்கு மணிகள், இரண்டு விரல் ஆழத்தில் இட்டு மூடுங்கள். மண் காய்ந்திருந்தால் உலர்ந்த விதையே நல்லது. மழை வரும்வரை அது காத்திருக்கும். முளைகட்டிய விதையைக் காய்ந்த மண்ணில் இட்டால் கருகிப் போகும். விதைத்த அன்றே கோழிகளைக் கட்டிப் போடுங்கள். எறும்பு இழுத்துச் செல்லாமல் பாத்தியைச் சுற்றிச் சாம்பல் தூவலாம்.

முதல் களை பதினைந்து இருபது நாளில் எடுக்க வேண்டும். அடுத்தது அதற்கு மூன்று வாரம் கழித்து. இந்த இரண்டையும் தவறவிட்டவர்களுக்குப் பின்னால் எவ்வளவு உழைத்தாலும் பயனில்லை. இளமையில் நெல்லையும் குதிரைவாலிப் புல்லையும் பிரித்தறிவது கடினம் என்பார்கள். இலையைச் சிறிது விலக்கி, அது தண்டைத் தழுவும் இடத்தில் பாருங்கள். அங்கே நெல்லுக்கு வெண்மையான, நாக்குப் போன்ற சிறு சவ்வு இருக்கும். குதிரைவாலிக்கு அது இராது. ஒருமுறை கண்டுகொண்டால் பிறகு குழந்தைகளே களை எடுத்துவிடுவார்கள்.

மழை ஒழுங்காகப் பெய்தால் நீரைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் முதலிய கிழக்குப் பகுதிகளில் மழை குறைவு. பட்டாம்பிக்குப் பெய்வது அங்கே பெய்வதில்லை. அப்பகுதியில் உள்ளவர்கள், பயிர் சூல் கொள்ளத் தொடங்கும் நாள் முதல் பூத்து முடியும் வரை, அதாவது ஏறக்குறைய அறுபதாம் நாளிலிருந்து தொண்ணூறாம் நாள் வரை, மண் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன் பத்து நாள் வறண்டாலும் பயிர் பொறுத்துக்கொள்ளும். அந்த முப்பது நாளில் வாடினால் கதிரில் மணி இராது.

இடுக்கியின் எல்லையில், மறையூர், காந்தலூர், வட்டவடைப் பக்கத்தில் உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு. மறையூர்ப் பள்ளத்தாக்கில் நெல் நின்ற நிலங்களில் இன்று கரும்பு நிற்கிறது. மறையூர்ச் சருக்கரைக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த மக்கள் அடைந்த நன்மையை நாம் குறைத்துப் பேச வேண்டியதில்லை. மலையின் கீழைச் சரிவில் இருப்பதால் தென்மேற்கு மழை அங்கே மெலிந்தே வரும். ஐப்பசி, கார்த்திகை மழையும் சேர்ந்தால்தான் நிலம் நனையும். அதைக் கண்டு ஆவணியில் விதைக்கலாமே என்று தோன்றும். ஆனால் நெல்லின் பகை அங்கே வறட்சியைவிடக் குளிர். பயிர் சூலுற்றிருக்கும் சமயத்தில் இரவுக் குளிர் 15 பாகை அளவுக்கு இறங்கினால் மகரந்தம் கெட்டு, கதிர் முழுதும் பதராகும். ஆவணியில் விதைத்த மூன்றரை மாத நெல் கார்த்திகைக் குளிரில் பூக்கும். ஆகவே உயரமான ஊர்களில் உள்ளவர்கள் கோடை மழையில் விதைத்து, இடையிடையே கைநீர் ஊற்றியாவது புரட்டாசிக்குள் அறுத்துவிடுவதே நல்லது. உயரம் கூடக்கூட நெல் விளைய நாள் கூடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கதிர் வெளிவந்ததும் நாள்தோறும் காலை ஒன்பது மணிக்கு மேல் பாத்தியருகே சென்று பாருங்கள். உமி இரண்டாகப் பிளந்து, ஆறு சிறு மகரந்தப் பைகள் நூல் நுனியில் தொங்கும். ஒரு மணி நேரத்துக்குள் பூ மூடிக்கொள்ளும். பெரும்பாலும் உமி பிளக்கும் தறுவாயிலேயே தன் மகரந்தம் தன் சூலில் விழுந்துவிடுகிறது. காற்றில் பறக்கும் மகரந்தத்துக்குச் சில நிமிடமே ஆயுள். நூறு மணியில் ஒன்றாவது அயல் மகரந்தத்தால் உண்டானால் அதுவே அதிகம். மக்காச்சோளத்தை விதைக்காகத் தோட்டத்தில் வளர்த்தால் பக்கத்துத் தோட்டத்து மகரந்தம் வந்து கெடுத்துவிடும். நெல்லில் அந்த அச்சம் இல்லை. விதைச் சான்றளிக்கும் துறையினரே இரு நெல்வகைகளுக்கிடையே மூன்று மீட்டர் இடைவெளி போதும் என்கிறார்கள். ஒரு சென்ட் நிலம் ஒரு நெல்வகையைத் தூய்மையாகக் காக்கப் போதுமானதாக இருப்பது பூவின் இந்த இயல்பினாலேயே. ஆனாலும் உயரத்திலும் நிறத்திலும் மாறுபட்டு நிற்கும் கலவன் செடிகளைப் பூக்கும்போதே பிடுங்கிவிடுங்கள்.

பால் பிடிக்கும் பருவத்தில் கதிர்நாவாய்ப் பூச்சி வரும். நசுக்கினால் துர்நாற்றம் வீசுவதைக் கொண்டு அடையாளம் காணலாம். ஒரு சென்டுக்கு மருந்து தெளிப்பது தேவையற்றது. விடியற்காலையில் கொசுவலைத் துணியால் செய்த கைவலையை வீசிப் பிடித்துச் சோப்பு நீரில் போட்டுவிடலாம். அடுத்து வருபவை பறவைகள். சில்லைக் குருவிக்கு வலை கட்டலாம். பாலக்காட்டில் இந்நாளில் மயில்கள் பெருகிவிட்டன. அவற்றுக்கு உறுதியான வேலியும் காவலுமே வழி. காட்டுப்பன்றி வரும் இடத்தில் தனிப் பாத்தி வைப்பதைவிட வீட்டு முற்றத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டியில் வைப்பது அறிவுடைமை. ஒரு முழ அகலமும் ஒரு சாண் ஆழமும் உள்ள தொட்டியில் நாலைந்து குத்து நெல் வளரும். அடுத்த ஆண்டு விதைக்கு அதுவே தாராளம்.

நூறு மணியில் எண்பது எண்பத்தைந்து மணி வைக்கோல் நிறம் அடைந்ததும் அறுக்கலாம். ஓரத்துச் செடிகளை விட்டு, நடுப் பாத்தியில் நன்கு விளைந்த கதிர்களை விதைக்கென்று முன்னதாகவே தனியே கொய்துவிடுங்கள். அவற்றைக் கல்லில் ஓங்கி அடிக்க வேண்டா. கையால் உருவினால் போதும். மீதியிலிருந்து சென்டுக்கு ஆறு முதல் எட்டுக் கிலோ நெல் கிடைக்கலாம். அரிசியாக்கினால் நாலைந்து கிலோ தேறும். அரிசிக் கடைக்குப் போவதை நிறுத்திவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டா. ஆவணி ஓணத்துக்குச் சொந்த நெல்லில் ஒரு நாள் சோறும் ஒரு நாள் பாயசமும் ஆகும். இவ்வளவு சிறு அளவை ஆலைக்காரர்கள் ஏற்பதில்லை. பரணில் இருக்கும் உரலையும் உலக்கையையும் இறக்கிக் கழுவுங்கள். குத்திய சிவப்பரிசியின் மணம் ஆலை அரிசிக்கு வராது என்பதைக் குத்தும்போதே அறிவீர்கள்.

விதைநெல்லை இளவெயிலில், பாயின்மேல் பரப்பி, பல நாள் உலர்த்த வேண்டும். நடுப்பகல் சிமெண்டுத் தளத்தின் சூடு கருவைக் கொல்லும். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தால் மாவாக நசுங்காமல் 'நறுக்' என்று ஒடிய வேண்டும். ஈரப்பதம் 13 விழுக்காட்டுக்கு மேல் இருத்தல் கூடாது. காற்றுப் புகாத தகரத்தில் அடைப்பதானால் 8 விழுக்காடு வரை உலர்த்த வேண்டும் என்பது விதை நூலார் கூறும் அளவு. ஈரம் ஒரு விழுக்காடு குறையும்தோறும் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். நம் வீடுகளில் பத்தாயம் மரத்தால் செய்யப்பட்டு, தரையில் படாமல் நின்றதற்குக் காரணம் இதுவே. அறுத்த உடனே விதைத்துப் பார்த்து முளைக்கவில்லை என்று வருந்த வேண்டா. பல நெல்வகைகளுக்குச் சில வார உறக்கம் இயற்கையிலேயே உண்டு. அது இல்லாவிட்டால் மழையில் நனைந்த கதிரிலேயே முளை கிளம்பிவிடும்.

எல்லா விதையையும் ஒரே வீட்டில் வைத்திருப்பது ஆபத்து. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி வந்த 'நெல்' ஜெயராமன், 2018ஆம் ஆண்டில் மறையும் வரை ஒரு முறையைக் கையாண்டார். விழாவுக்கு வரும் உழவருக்கு இரண்டு கிலோ நாட்டு விதை கொடுப்பார்; அடுத்த ஆண்டு அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். வயநாட்டில் குறிச்சியர் சமூகத்தைச் சேர்ந்த செறுவயல் ராமன், ஐம்பதுக்கு மேற்பட்ட நாட்டு நெல்வகைகளைத் தம் நிலத்தில் ஆண்டுதோறும் விதைத்துக் காத்து வருபவர். 2023ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பிலிப்பைன்ஸ் நாட்டுச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் விதைக் கிடங்கில், உறைபனிக்கும் கீழான குளிரில், இலட்சத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் உறங்குகின்றன. அங்கே விதை நெடுங்காலம் கெடாது. ஆனால் குளிரறையில் கிடக்கும் விதை இவ்வாண்டு மழையையும் இவ்வாண்டுப் பூச்சியையும் அறியாது; தோட்டத்தில் ஆண்டுதோறும் முளைப்பது அறியும்.

ஆகவே, உங்கள் விதைநெல்லில் ஒரு பாதியைப் பக்கத்து வீட்டுக்கோ வேறோர் ஊரில் இருக்கும் உறவினருக்கோ கொடுத்து வையுங்கள். பெயரும் அறுத்த ஆண்டும் எழுதிய சீட்டை உள்ளே போட மறக்க வேண்டா. மறு பங்குனியில் நூறு மணிகளை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி வையுங்கள். நாள்தோறும் நீர் தெளித்து ஏழாம் நாள் பிரித்து எண்ணுங்கள். எண்பதோ அதற்கு மேலோ முளைத்திருந்தால் அப்படியே விதைக்கலாம். அறுபது, எழுபது என்றால் குழிக்கு இரண்டு மணி கூட்டிப் போடுங்கள். பாதிகூட முளைக்கவில்லையென்றால், சென்ற ஆண்டு நீங்கள் யாருக்குக் கொடுத்தீர்களோ அவர் வீட்டுக்குப் பத்தாமுதயத்துக்கு முன்னதாகப் போய்வாருங்கள்.